பெர்த்துக்குப் போன உருமி

மலேசியாவில், ஜொகூர் பக்கத்து மாசாயில் வாசுகியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவளுடைய ஹாரனைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறாள். பொழுது விடியும் முன்பே அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே வண்டியை நிறுத்தி ஓர் அழுத்து அழுத்துவாள். நேப்பாளி, வங்காளதேசி, மலாய்க்காரர், நம்ம ஆட்கள் என்று அத்தனை பேரும் பாதி பொத்தான் போட்ட சட்டையோடு ஓடி வருவார்கள். தாமதமாக வருகிறவனுக்கு எந்த மொழியில் திட்டினால் உறைக்குமோ அந்த மொழியில் திட்டு விழும். அதைக் கேட்டால்தான் வேலை நாள் தொடங்கியதாக அர்த்தம் என்று அவர்களே சிரித்துக்கொள்வார்கள்.

ஐம்பதை நெருங்குகிறவள். குட்டையான உருவம், அகன்ற தோள், கழுத்தில் எப்போதும் ஒரு சின்னத் துண்டு, மூக்கின் மேல் கோபம். ஆனால் திருவிழா நாட்களில் அவளைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்த கையில் உருமி இருக்கும். இடை சிறுத்த அந்த மேளத்தின் ஒரு முகத்தைத் தட்டி, மறு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்த்தால், உள்ளே ஏதோ மிருகம் படுத்திருப்பதைப் போல உறுமும். அந்த உறுமலைக் கேட்டு வாசுகியின் முன்னால் ஆடாத காவடி இல்லை.

அவள் உருமிக்கு வந்ததே ஒரு வேடிக்கை. அவள் குடியிருக்கும் தாமானின், அதாவது குடியிருப்பின், முனியாண்டி கோயில் பையன்கள் ஒரு மேளக் குழு வைத்திருந்தார்கள். வேன் இருந்தது, ஓட்ட ஒழுங்கான லைசென்ஸ் உள்ளவன் ஒருத்தனும் இல்லை. வாசுகியைக் கெஞ்சினார்கள், போனாள். ஜொகூர் பாரு, கூலாய், குளுவாங் என்று கோயில் கோயிலாக அவர்களை ஏற்றி இறக்கினாள். அவர்கள் அடிக்கும்போதெல்லாம் இவள் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போடும். ஒருமுறை லாயாங் லாயாங்கில் காவடி புறப்படுகிற நேரத்தில் உருமிக்காரனுக்கு வயிற்றைக் கலக்கி, அவன் கோயில் கக்கூஸை விட்டு வெளியே வரவே மறுத்துவிட்டான். பையன்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். வாசுகி வேன் கதவைச் சாத்திவிட்டு வந்து உருமியைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அக்கா, விளையாடாதீங்க லா," என்றான் ஒருவன்.

அவள் விளையாடவில்லை. காவடி சந்நிதி போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து வேனுக்கும் அவள்தான், உருமிக்கும் அவள்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் தவிலுக்குப் போய்விட்டான், பாவம்.

அப்படி வந்தவளுக்கு உருமி விஷயத்தில் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. குழுவில் ரூபேந்திரன் என்று ஒரு கெட்டிக்காரன், துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், ஒரு நாள் பிளாஸ்டிக் முகம் போட்ட உருமி ஒன்றை வாங்கி வந்தான். ஃபைபர் தோல் என்று அதற்குப் பெயர். மழையில் தொய்யாது, வெயிலில் கிழியாது என்று பெருமையாகக் காட்டினான். வாசுகி ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். "இது உருமி இல்லடா, பக்கெட்டு. துணி ஊற வைக்கலாம்," என்றாள். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு ரூபேந்திரன் அந்த மேளத்தை எடுத்து வரும்போதெல்லாம் யாராவது ஒருவன் சோப்புத் தூள் இருக்கிறதா என்று கேட்பான்.

வாசுகியின் உருமிக்குக் கன்றுத் தோல். ஓரத்தில் வளையத்துக்கு அடியில் இன்னும் பழுப்பு முடி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தன் பிள்ளை மாதிரி வைத்திருந்தாள்.

நிஜப் பிள்ளை பிரவீனா ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருந்தாள். கல்யாணமாகி அங்கே போனவள். புருஷன் வசந்தன் குளுவாங் பையன், சுரங்கத்தில் வேலை, வாரக்கணக்கில் பாலைவனத்தில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வருவான். உலகமெல்லாம் எல்லையை மூடி வைத்திருந்த வருஷத்தில் பிரவீனாவுக்குக் குறை மாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. வசந்தன் சுரங்கத்திலிருந்து வந்து சேரவில்லை. வாசுகிக்குச் சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டவே வழியில்லை, பெர்த்துக்கு எங்கே போவது? கைப்பேசியில் மகள் முகம் தெரிந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவு பேரன் தெரிந்தான். ஆஸ்பத்திரி நடையில் பிரவீனா ஒற்றையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதை மாசாயில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. பெற்ற வயிறு பற்றி எரிந்தது அவளுக்கு. அந்த எரிச்சல் இன்றுவரை முழுதாக ஆறவில்லை.

மறுநாள் பூட்டிக் கிடந்த முருகன் கோயில் கதவுக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டாள். "பிள்ளை பொழைச்சு வீட்டுக்கு வரட்டும் முருகா. பிரவீனா ஒனக்குப் பால்குடம் எடுப்பா. எங்க எடுத்தாலும் நான் அவ முன்னால நின்னு உருமி அடிக்கிறேன். குடம் எறங்குற வரைக்கும் கைய நிறுத்த மாட்டேன்."

அந்த 'எங்க எடுத்தாலும்' தேவையே இல்லை. வாய் சும்மா இருக்கவில்லை, சேர்த்துவிட்டது. மாசாயில்தானே எடுக்கப் போகிறாள் என்ற தைரியம். பேரன் பிழைத்தான், தவழ்ந்தான், நடந்தான், ஓடவும் தொடங்கினான். பிரவீனாவுக்குத்தான் ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒரு தடங்கல். கடைசியில் ஒரு நாள், "மா, இனிமே தள்ளிப் போட வேணாம். இங்கயே முருகன் கோயில் இருக்கு, இந்தத் தைப்பூசத்துக்கு எடுத்துடறேன். நீங்க வாங்க," என்றாள்.

"வாறேன். உருமியோட வாறேன்."

பிரவீனா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு, "மா, உருமி வேணாமே. இங்க எல்லாம் அமைதியா செய்வாங்க. கூட வேலை செய்யறவங்க வருவாங்க, இந்தியாக்காரங்க, சிலோன்காரங்க எல்லாம் இருப்பாங்க. ஒரு மாதிரி பாப்பாங்கம்மா. சாமிக்குப் புரியும்," என்றாள்.

"சாமிக்குப் புரியும்டி. எனக்குப் புரியாது," என்று சொல்லி வாசுகி ஃபோனை வைத்துவிட்டாள்.

செய்தி குழுவுக்கு எட்டியதும் ரூபேந்திரன்தான் முதலில் ஓடி வந்தான். ஆஸ்திரேலியாவில் தோல், விதை, இலை எதையும் விட மாட்டார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தான். "வாசுகிக்கா, என்னோட ஃபைபர எடுத்துட்டுப் போங்க. தோலுன்னா அங்க புடிச்சுக்குவாங்க," என்றான். கேலியை எல்லாம் மறந்துவிட்டு மனசார வந்து கேட்டவன். வாசுகி காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேர்த்திக்கடனைப் பக்கெட்டு அடித்துத் தீர்ப்பதா என்று அவளுக்கு ரோஷம். "உண்மையச் சொல்லிக் கொண்டு போனா யாரும் புடிக்க மாட்டாங்க. நான் என்ன கஞ்சாவா கடத்துறேன்?" என்று அவனை அனுப்பிவிட்டாள்.

அவள் புருஷன் சபாபதி எண்ணெய்க் கிடங்கில் காவல் வேலை பார்க்கிறவர். அதிகம் பேசாத மனிதர். விமானம் தலைக்கு மேலே பறந்தாலே நிமிர்ந்து பார்க்கமாட்டார், ஏறச் சொன்னால் ஏறுவாரா? மனைவியும் உருமியும் தனியாக ஆகாயத்தில் போகிறார்கள் என்ற நினைப்பில் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். புறப்படும் நாளில் முனியாண்டி கோயில் பூசாரி உருமிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டி, பூசை போட்டுக் கொடுத்தார். வாசுகி வீட்டுக்கு வந்து அத்தனையையும் ஈரத் துணியால் ஒன்றுவிடாமல் துடைத்தாள், இலையைக் கழற்றினாள். விமானத்தின் குளிரில் தோல் விறைத்துக் கிழியாமல் இருக்கக் கயிறுகளைத் தளர்த்தினாள். பழைய சாரோங்கில் சுற்றி, தைத்து வைத்திருந்த பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். வெளிநாட்டுச் சட்டத்துக்கு அவள் காட்டிய மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது.

செனாய் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்காரர் இயந்திரத்தின் திரையைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "இனி ஆப்பா, காக்?" என்றார். இது என்ன அக்கா என்கிறார்.

"கெண்டாங், அபாங். தைப்பூசம்."

மேளம், தைப்பூசம் என்ற இரண்டு சொல்லும் போதுமாக இருந்தது. அந்த மலாய்க்காரர் முகம் மலர்ந்துவிட்டது. ஜொகூர் பாருவில் வளர்ந்தவராம், சின்ன வயதில் ரத ஊர்வலத்தின் பின்னாலேயே ஓடுவாராம். கையை ஆட்டிப் போகச் சொன்னார். நுழைவாசலில் பைகளின் அளவைப் பார்க்கும் கம்பிக் கூண்டுக்குள் உருமியை வைக்கச் சொன்னார்கள். தைத்து எடுத்த ரவிக்கை மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. வாசுகி சுற்றிலும் இருந்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டாள்.

கோலாலம்பூரில் மாறி ஏறினாள். மேலே உருமியை வைத்த இடத்தில் யாரோ ஒருவன் தன் பெட்டியை இடித்துத் தள்ளப் பார்த்தான். மாசாய்ப் பயணிகளுக்கு மட்டுமே தெரிந்த அந்தக் குரல் விமானத்துக்குள் ஒருமுறை எழுந்தது. பெட்டி வேறு இடத்துக்குப் போய்விட்டது. இறங்கும்போது சக்கரம் தரையில் குதித்ததைக் கேட்டு, "பிரேக் புடிக்கத் தெரியல," என்று பைலட்டுக்கும் ஒரு மார்க் போட்டாள்.

பெர்த்தில் இறங்கியதும் ரூபேந்திரனிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மிருகத்தின் தோல், எலும்பு ஏதாவது உண்டா என்ற கேள்விக்கு உண்டு என்று அட்டையில் குறித்து, தானாகவே சோதனை மேசைக்குப் போய் நின்றாள். நரைத்த முடியை இழுத்துக் கட்டிய ஓர் அம்மாள் அங்கே இருந்தாள். கறாரான முகம், ஆனால் பேச்சு மரியாதையாக இருந்தது.

பழம், இலை, விதை ஏதும் உண்டா என்று கேட்டாள்.

"நோ மேடம். ஒன்லி ட்ரம். ஐ க்ளீன், ஐ வைப், எவ்ரிதிங்," என்றாள் வாசுகி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அந்த அம்மாள் பையின் பக்கவாட்டு அறைக்குள் கையை விட்டாள். மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பொட்டலம் வெளியே வந்தது. அவிழ்த்தாள். குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்று மேசையில் உருண்டு ஓடி, ஒரு தட்டில் முட்டி நின்றது. அதன் பின்னால் வேப்பிலை நாலைந்து உதிர்ந்தது.

வாசுகி நெற்றியில் அடித்துக்கொண்டாள். புது மோட்டார் வாங்கினாலும் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம், மகன் நேர்முகத் தேர்வுக்குப் போனாலும் சட்டைப்பைக்குள் எலுமிச்சம்பழம் என்று வாழ்கிற ஊர் அவளுடையது. பூசாரியிடம் மந்திரித்து வாங்கி இதைப் பைக்குள் செருகியது யார் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறார்!

"மை ஹஸ்பண்ட்," என்றாள். "ஹி புட். ஐ டோன்ட் நோ. ஃபார் சேஃப்டி, மேடம். ஏரோப்ளேன் நோ ஃபால்."

அந்த அம்மாள் பழத்தைப் பார்த்தாள், வாசுகியைப் பார்த்தாள். "விமானம் விழவில்லையே," என்றாள். அவள் உதட்டோரம் லேசாகத் துடித்தது. தோலைப் பற்றித் தானாகவே வந்து சொன்னதால் இம்முறை எச்சரிக்கையோடு விடுவதாகச் சொல்லி, பழத்தையும் இலைகளையும் ஒரு பையில் போட்டு மூடினாள். வாசுகிக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்த மூச்சு பாதியிலேயே நின்றது, ஏனென்றால் அந்த அம்மாள் இப்போது உருமியின் ஓரத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழுப்பு முடி. பதப்படுத்தாத கன்றுத் தோல். இதை இப்படியே நாட்டுக்குள் விட முடியாது என்று பொறுமையாக விளக்கினாள். மேளத்தைத் திருப்பி அனுப்பலாம், அல்லது கிருமி நீக்க அனுப்பிக் காத்திருக்கலாம், அதற்குப் பல நாள் ஆகும், அல்லது இங்கேயே விட்டுவிடலாம். தைப்பூசமோ ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு வெள்ளி.

வாசுகி அழவில்லை. அழுகிற நேரமா அது? ரூபேந்திரன் முகம் நினைவுக்கு வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உண்மையைச் சொன்னால் போதும் என்று அவனிடம் பெரிதாகப் பேசினாளே. உண்மையைத்தான் சொன்னாள், உண்மையைச் சொல்லித்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். கோயில் கதவுக்கு முன்னால் சொன்ன சொல், ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்து நடந்த மகள், எல்லாம் ஒன்றாகக் கண் முன்னால் வந்தது. இந்தத் தடவையும் வெறும் கையோடு நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டுமா? உருமியின் இடுப்பைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு கேட்டாள்.

"மேடம், ஸ்கின் நோ. வுட் ஓகே?"

அந்த அம்மாள் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூச்சி அரித்த ஓட்டை இல்லை, பட்டை இல்லை. நைலான் கயிறு, இரும்பு வளையம், வழவழவென்று சீவிய குச்சிகள். தோல் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் போகலாம் என்றாள்.

"அப்ப நான் கழட்டறேன்," என்று வாசுகி தமிழிலேயே சொல்லிவிட்டுச் சட்டையின் கையை மடித்தாள். அந்த அம்மாளுக்கு மொழி தேவைப்படவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டாள். வாசுகி கயிற்றின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். இரண்டு தோல்களும் வளையத்தைவிட்டு வந்தபோது மனசு கனத்துத்தான் போயிற்று. எத்தனை காவடிக்கு முன்னால் உறுமின தோல். இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மடித்து, மேசையில் வைத்தாள்.

வெளியே பிரவீனாவும் வசந்தனும் பேரனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அம்மாவைக் கட்டிக்கொண்ட பிரவீனா, அவள் கையில் இருந்த வெறும் உருமிக் கட்டையைப் பார்த்துத் திகைத்தாள். இந்தப் பக்கம் கண்ணை வைத்தால் அந்தப் பக்கம் கார் நிறுத்துமிடம் தெரிந்தது.

"மா... தோல் எங்கம்மா?"

"கவர்மெண்டு வாங்கிக்கிச்சு. நடடி, வேலை கெடக்கு."

காரில் ஏறி உட்கார்ந்ததும் சபாபதியின் அழைப்பு வந்தது. மனைவி நலமா, பேரன் நலமா என்று கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கி, "பையில பக்கத்துல ஒண்ணு வெச்சிருந்தேன்... பத்திரமா இருக்கா, வாசு?" என்றார். அதற்குப் பிறகு வீடு போய்ச் சேரும்வரை காரில் வேறு யாரும் பேசவில்லை. வசந்தன் பாதையைப் பார்த்து ஓட்டினான். பேரன் வாயில் விரலை வைத்துக்கொண்டு பாட்டியையே பார்த்தான். சபாபதி மறுமுனையில், "சரி வாசு," "ஆமா வாசு," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

திட்டித் தீர்த்த பிறகுதான் கஷ்டமான அழைப்பு பாக்கி இருந்தது. வாசுகி கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக் கொல்லையில் நடந்தாள். ரோஷம் ஒரு பக்கம், முருகன் ஒரு பக்கம். முருகன் ஜெயித்தார். ரூபேந்திரனை அழைத்தாள்.

"தம்பி, தோல் போச்சுடா. நீ சொன்ன மாதிரியே ஆச்சு. பிளாஸ்டிக்க எப்படிப் பேச வைக்கிறதுன்னு சொல்லிக் குடு."

"அலமாக்! யாரு, வாசுகிக்காவா பேசறது?" என்று கேட்டான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பைச் சிரிக்க அவனுக்கு உரிமை இருந்தது, அவளும் பொறுத்துக்கொண்டாள். சிரித்து முடித்ததும் வேலையில் இறங்கிவிட்டான். கைப்பேசியின் காமிராவில் உருமியின் வாயைக் காட்டச் சொன்னான், அளக்கச் சொன்னான். டிரம்ஸ் விற்கும் கடைக்குப் போய் அந்த அளவில் இரண்டு முகம் கேட்கச் சொன்னான். "ஆனா ஒண்ணு கா. தோலுக்குத் தடவற மாதிரி எண்ணெய் தடவுனா குச்சி வழுக்கிட்டு ஓடிரும். தேய்க்கிற பக்கத்த மணல்தாள் போட்டு நல்லா சொரசொரன்னு ஆக்குங்க. குச்சிக்குச் சாம்பிராணித் தூள். அப்புறம் பாருங்க."

சனிக்கிழமை காலையில் வசந்தன் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்தான். கார் நிறுத்துகிற அறையில் வாசுகி சப்பணமிட்டு உட்கார்ந்தாள். தன் வளையத்தைப் பிளாஸ்டிக் முகத்தின் விளிம்பின் மேல் வைத்து, நைலான் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டினாள். மணல்தாளால் தேய்த்தாள். பூசையறைச் சாம்பிராணியை இடித்துக் குச்சியில் தடவினாள். முதல் இழுப்புக்கு நனைந்த செருப்பு மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. பேரன் கைகொட்டிச் சிரித்தான். இரண்டாவது அதைவிட மோசம். பிரவீனா ஓடி வந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று கதவை இறக்கி மூடினாள். உள்ளே அடுப்பு மாதிரி வெந்தது. வாசுகி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மணல்தாளை எடுத்தாள். கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினாள், இடது பக்கத்தை மட்டும் மறுபடி இறுக்கினாள். குச்சியின் சாய்வை மாற்றினாள். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. மத்தியானம் சாய்ந்த நேரத்தில் குச்சியை அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தாள்.

உருமி உறுமியது.

கன்றுத் தோலின் குரல் இல்லை அது. அதைவிடக் கரடுமுரடாக, அடிவயிற்றிலிருந்து ஏறிவந்த புதுக் குரல். பேரன் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் முதுகோடு வந்து ஒட்டிக்கொண்டான். வாசுகிக்குச் சந்தோஷத்தில் மயிர்க்கூச்செறிந்தது. "அடப்பாவி, பக்கெட்டு பேசுதுடா!" என்று தனக்குத் தானே கத்தினாள். அதை அப்படியே பதிவு செய்து மாசாய்க்கு அனுப்பச் சொன்னாள். ரூபேந்திரனிடமிருந்து பதிலுக்கு ஒரு வாளிப் படம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெர்த்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஊருக்கு வெளியே இருந்த முருகன் கோயிலைச் சுற்றிக் கார்கள், கூட்டம், பட்டுச் சேலைகள். ஊர்வலம் ஒரு மைதானத்திலிருந்து கிளம்பிச் சாலையைச் சுற்றிக் கோயிலுக்கு வர வேண்டும். மஞ்சள் சேலையில் பிரவீனா தலையில் பால்குடத்தோடு வரிசையில் நின்றாள். பக்கத்தில் தொப்பியும் கூலிங்கிளாஸும் போட்ட அவளுடைய அலுவலகத்துக்காரர்கள். "மெதுவாம்மா," என்று கண்ணாலேயே கெஞ்சினாள். மேளம் என்று அங்கே இருந்தது மலேசியாவின் கிள்ளானிலிருந்து படிக்க வந்த பையன்கள் இரண்டு பேரின் பம்பையும் ஜால்ராவும்தான். உருமியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓர் அம்மா வருவதைப் பார்த்த பம்பைக்காரன், "ஆன்ட்டி, எந்த ஊரு?" என்றான்.

"ஜொகூரு. மாசாய்."

"பொலே லா! ஜமாய்ச்சுடலாம்!" என்று அவன் பம்பையை இறுக்கிக்கொண்டான்.

வாசுகி மகளைப் பார்த்தபடி நின்றாள். உருமிக்காரி முன்னால் நின்று, குடத்துக்கு முகம் காட்டி, பின்னோக்கி நடக்க வேண்டும். அவள் முதல் இழுப்பை இழுத்தாள். வரிசை முழுவதும் ஒரு நொடி திரும்பிப் பார்த்தது. அடுத்த நொடி கூட்டத்தின் ஏதோ மூலையிலிருந்து ஒரு விசில் பறந்தது. அங்கொருவர் இங்கொருவராகக் கலந்து நின்ற மலேசியக்காரர்கள் எல்லாம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டார்கள். ஈப்போ, பினாங்கு, சிரம்பான் என்று தங்கள் ஊர்ப் பெயரைக் கத்திக்கொண்டு வந்தார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி அழுதுகொண்டே வந்தாள், அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்றோ. "வேல் வேல்" என்ற குரல் சாலையை நிறைத்தது. வேட்டியைத் தூக்கிக் கட்டிய யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் தாளம் தப்பாமல் கைதட்டிக்கொண்டு கூடவே நடந்தார். அலுவலகத்து வெள்ளைக்காரி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

பின்னோக்கி நடக்கிறவளுக்கு வழி தெரியாது, மகள் முகம் மட்டுமே தெரியும். அந்த முகத்தில் முதலில் வெட்கம் இருந்தது. சாலை திரும்பும் இடத்தில் வெட்கம் போய்விட்டது. கோயில் கோபுரம் வாசுகியின் முதுகுக்குப் பின்னால் நெருங்கியபோது பிரவீனாவின் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஓடியது, கால்கள் தாமாக உருமியின் அடிக்கு விழத் தொடங்கியிருந்தன. பள்ளிக்கூட நாட்களில் அம்மா உருமியோடு வந்தால் தோழிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற பெண் அவள். வாசுகிக்குத் தோள் கழன்றுவிடும் போல வலித்தது, உள்ளங்கை காந்தியது. வலி ஒரு பக்கம் இருக்கட்டும் என்று அடித்தாள்.

கோயில் வாசல் வந்தது. படியில் நின்ற தொண்டர் ஒருவர் கையை உயர்த்தினார். பின்னால் வரிசை நீண்டு நின்றது, உள்ளே அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. "அம்மா, போதும். மேளம் இதோட நிறுத்திக்குங்க," என்றார். கிள்ளான் பையன்கள் நிறுத்திவிட்டார்கள். பம்பை அடங்கியதும் சுற்றியிருந்த கூச்சலும் அடங்கியது. உருமி மட்டும் ஒற்றையாக உறுமிக்கொண்டிருந்தது. வாசுகியின் கை தயங்கியது. சொன்ன சொல் இன்னும் கொஞ்ச தூரம் பாக்கி இருந்தது, சந்நிதி கண்ணுக்கு முன்னால் இருந்தது, தொண்டருடைய கையும் உயர்ந்தே இருந்தது.

பிரவீனா குடத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி அந்தத் தொண்டரைப் பார்த்தாள். அலுவலகத்துக்காரர்கள், இந்தியாக்காரர்கள், சிலோன்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"எங்கம்மா அடிக்கட்டும். நான் ஆஸ்பத்திரியில தனியா நடந்தேன். இன்னிக்குத் தனியா நடக்க மாட்டேன்."

தொண்டர் கையை இறக்கிவிட்டு வழிவிட்டார். வாசுகி படியேறி, மகளுக்கு முன்னால், குடம் இறங்கும் சந்நிதிவரை அடித்துக்கொண்டே போனாள்.